பன்னிரண்டாம் தளத்தில் இருந்து படிக்கத் தொடங்குவோருக்குச் சில சுற்றுச்சூழல் நூல்கள்

நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் தமிழ் வாசிப்பு வட்டத்துக்குப் போன மாதம் புதிதாக வந்திருந்த ஒரு சகோதரி, கூட்டம் கலைந்த பிறகு மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நீடித்த நிலைத்தன்மை பற்றித் தம் பிள்ளைகள் இருவரும் பள்ளியில் நிறையக் கற்றுக்கொண்டு வருகிறார்கள் என்றும், அவர்களோடு சேர்ந்து தாமும் படிக்க விரும்புவதால் தமிழில் எந்த நூலில் தொடங்கலாம் என்றும் முதல் கேள்வியில் கேட்டிருந்தார். தாம் புரட்டிப் பார்த்த தமிழ் நூல்கள் எல்லாம் வயல், கிணறு, கண்மாய் என்றே பேசுகின்றன, சிங்கப்பூரின் செங்காங்கில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் பன்னிரண்டாம் தளத்தில் ஒரு பிடி மண்ணும் இல்லாமல் வாழ்பவருக்கு அவற்றால் என்ன பயன் என்பது இரண்டாவது கேள்வி. 76 வயதான தம் மாமியாருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது, அவரையும் இந்த வாசிப்பில் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பது மூன்றாவது. அவருக்கு எழுதும் இந்தப் பதில் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சகோதரி, உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் விடை சொல்ல வேண்டும். அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் நான் எந்த நூலைச் சொன்னாலும், அது உங்கள் வீட்டில் பத்துப் பக்கத்தைத் தாண்டாது.

உங்கள் தளத்தில் மின்தூக்கிக்குப் பக்கத்தில் இருக்கும் குப்பைக் குழாயை நினைத்துப் பாருங்கள். மூடியைத் திறந்து பையைப் போட்டதும் அது சுவரில் இரண்டு மூன்று முறை மோதிக்கொண்டு கீழே இறங்கும் ஓசை கேட்கிறது. பிறகு ஒன்றும் கேட்பதில்லை. நம்மைப் பொறுத்தவரை அந்தக் குப்பையின் கதை அங்கே முடிந்துவிட்டது. உண்மையில் அது அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பை லாரியில் எரியாலைக்குப் போய், எரிந்து, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அளவாகச் சுருங்கிச் சாம்பலாகி, துவாசிலிருந்து படகில் ஏற்றப்பட்டு, தெற்கே கடலில் இருக்கும் செமக்காவ் தீவுக்குப் போகிறது. இரண்டு தீவுகளுக்கு இடையே இருந்த கடற்பகுதியை 7 கிலோமீட்டர் நீளமுள்ள கல்லணையால் வளைத்து உருவாக்கிய இடம் அது. லோரோங் ஹாலூஸ் குப்பைமேடு மூடப்பட்ட 1999ஆம் ஆண்டில் செமக்காவ் திறக்கப்பட்டது. நாட்டில் இப்போது இருக்கும் ஒரே குப்பை நிரப்பிடம் அதுதான். நாம் இப்போது குப்பை போடும் வேகத்திலேயே போட்டுக்கொண்டிருந்தால் 2035 வாக்கில் அதுவும் நிறைந்துவிடும் என்று அரசாங்கமே சொல்லிவருகிறது.

கிராமத்தில் வாழ்பவருக்கு இவையெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிணற்றில் நீர் இறங்கினால் கயிற்றின் நீளம் அதைச் சொல்லிவிடும். கொல்லைப்புறத்தில் குப்பை சேர்ந்தால் மூக்கு சொல்லிவிடும். நம் ஊரில் குழாயைத் திருகினால் நீர் வருகிறது, மூடியைத் திறந்தால் குப்பை போகிறது. எல்லாம் ஒழுங்காக நடக்கிற காரணத்தாலேயே எதுவும் நம் கண்ணில் படுவதில்லை. ஆகவே கண்மாயையும் காட்டையும் பற்றிய நூல்கள் கண்மாய்க்கரையில் இருப்பவரை விட உங்களுக்கும் எனக்கும்தான் அதிகம் தேவைப்படுகின்றன என்பது என் உறுதியான கருத்து. ஒரு பொருள் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, அதன் பெயர் என்ன ஆகிய மூன்றையும் எந்த நூல் நமக்குக் காட்டுகிறதோ அதுவே நமக்கான சுற்றுச்சூழல் நூல். கீழே நான் சொல்லும் நூல்களை அந்த அளவுகோலை வைத்துத்தான் தேர்ந்தெடுத்தேன்.

பெயரில் இருந்து தொடங்குங்கள். க்ரியா வெளியிட்ட ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ என்ற சிறு நூலை முதல் நூலாகச் சொல்வேன், ப. ஜெகநாதனும் ஆசையும் சேர்ந்து எழுதியது. தமிழ்நாட்டுப் பறவைகளுக்காக எழுதப்பட்டது என்றாலும், உங்கள் புளோக்கைச் சுற்றிக் காதில் விழும் குரல்கள் பலவற்றுக்கு அதில் பெயர் இருக்கிறது. விடியுமுன் கூவி நம் அண்டைவீட்டாரின் தூக்கத்தைக் கெடுக்கும் பறவை வேறெதுவுமில்லை, நம் பாட்டுகளில் எல்லாம் வரும் அதே குயில்தான். ஊரிலும் இங்கேயும் அது காக்கையின் கூட்டில்தான் முட்டையிடுகிறது. எங்கள் வட்டத்துக்கு வரும் ஓர் இளைஞர், தாம் பத்தாண்டுகளாகத் திட்டிக்கொண்டிருந்த பறவை குயில் என்று தெரிந்த நாளிலிருந்து சன்னலைச் சாத்துவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். பெயர் தெரிந்த ஒன்றின்மேல் நமக்கு ஏற்படும் உறவு பெயர் தெரியாத ஒன்றின்மேல் ஏற்படுவதில்லை.

இதே வழியில் அடுத்ததாக சு. தியடோர் பாஸ்கரனின் கட்டுரைகளுக்குப் போகலாம். தாராபுரத்தில் பிறந்து அஞ்சல் துறையில் உயர் பொறுப்பில் இருந்தவர். திரைப்பட வரலாறு, கல்வெட்டு, காட்டுயிர் ஆகிய மூன்றையும் பற்றித் தமிழில் அவர் எழுதியிருப்பதைப் போல எழுதியவர்கள் குறைவு. ‘இன்னும் பிறக்காத தலைமுறைக்காக’, ‘தாமரை பூத்த தடாகம்’ ஆகிய இரண்டு தொகுப்புகளும் சிறு சிறு கட்டுரைகளால் ஆனவை. இரவு உணவுக்குப் பின் ஒன்று வீதம் வாய்விட்டுப் படிக்க ஏற்றவை. காட்டுயிர்களுக்குத் தமிழில் ஏற்கெனவே இருக்கும் சொற்களை அவர் மீட்டெடுத்துப் பயன்படுத்துவது எனக்கு மிகவும் பிடிக்கும். நம் ஊரில் 19ஆம் நூற்றாண்டிலேயே மறைந்துபோன ஹார்ன்பில் பறவை 1994இல் புலாவ் உபின் தீவில் மீண்டும் காணப்பட்டு, பிறகு செயற்கைக் கூடுகளின் உதவியோடு பெருகி, இன்று குடியிருப்புப் பேட்டை மரங்களிலும் வந்து உட்காருகிறது. அதைக் கண்டால் உங்கள் பிள்ளைகள் ‘இருவாச்சி’ என்று சொல்லட்டும். காலாங் ஆற்றில் குடும்பம் குடும்பமாக நீந்தும் விலங்குக்கு ‘நீர்நாய்’ என்று பெயர். குறுந்தொகையில் வாளை மீனைப் பிடித்துத் தின்னும் விலங்கும் அதுதான். இரண்டாயிரம் ஆண்டுக்கால வழக்குள்ள ஒரு சொல் நம் கால்வாய் ஓரத்தில் உயிரோடு நீந்திக்கொண்டிருக்கும்போது, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காமல் இருப்பது எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

மரத்துக்கும் ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். நற்றிணையின் 172ஆம் பாடலில் ஒரு பெண், காதலனை வேறிடத்துக்கு வரச் சொல்கிறாள். தோழியரோடு விளையாடும்போது மணலில் அழுத்தி மறந்துபோன புன்னை விதை முளைத்துவிட, நெய்யும் பாலும் ஊற்றி அவர்கள் வளர்த்தார்கள். உங்களை விடச் சிறந்த உங்கள் தங்கை இவள் என்று அன்னை அந்த மரத்தைச் சொன்னாளாம். தங்கையின் நிழலில் நின்று காதலனோடு சிரித்துப் பேச அவளுக்கு வெட்கமாக இருக்கிறது. இந்தப் பாடலை நான் பல ஆண்டுகள் நெய்தல் திணைக்கு உரிய ஒன்றாக மட்டுமே படித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஒரு மரத்தடியில் உருண்டையான பச்சைக் காய்கள் கிடப்பதைப் பார்த்து, இலையை ஒடித்து வெளிச்சத்தில் பிடித்தேன். நடுநரம்பில் இருந்து இருபுறமும் மயிரிழை போல நெருக்கமாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் நரம்புகள். வெள்ளை இதழும் நடுவில் மஞ்சள் மகரந்தக் கொத்தும் உள்ள பூ. அது புன்னை. மலாயில் பெனாகா லாவுட் என்று அழைக்கப்படும் அந்த மரம் இந்த மண்ணுக்கே உரியது. கடற்கரையிலும் சாலையோரத்திலும் நட்டிருக்கிறார்கள். நம் மொழியில் தங்கையாகச் சொல்லப்பட்ட மரம் நம் வீட்டுக்குப் பேருந்து தூரத்தில் நிற்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துப் போய் அதைக் காட்டுங்கள்.

மரங்களைப் பற்றி ஆங்கிலத்தில் படிக்க உங்களுக்குத் தயக்கம் இல்லையென்றால், இந்த வட்டாரத்தின் சாலையோர மரங்களைப் பற்றி இ. ஜே. எச். கார்னர் எழுதி 1940இல் வெளிவந்த இரண்டு தொகுதி நூலைப் பார்க்க வேண்டும். அவர் 1929 முதல் சிங்கப்பூர்ப் பூமலையில் (தாவரவியல் பூங்காவில்) துணை இயக்குநராக இருந்தவர். உயரமான மரங்களின் கிளைகளைப் பறித்துத் தருவதற்குப் பெரோக் குரங்குகளைப் பழக்கி வைத்திருந்தார். தடித்த நூல்தான், முழுவதும் படிக்க வேண்டியதில்லை, உங்கள் தெருவில் நிற்கும் மரத்துக்கான பக்கத்தை மட்டும் படித்தால் போதும். செக் ஜாவாவைப் பற்றிப் பல் மருத்துவரும் நிழற்படக் கலைஞருமான சுவா ஈ கியாம் 2002இல் வெளியிட்ட நூலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புலாவ் உபினின் கிழக்கு முனையில் இருக்கும் அந்தக் கரையில் நிலமீட்பு செய்யத் திட்டம் இருந்தது. பொதுமக்களும் இயற்கை ஆர்வலர்களும் அங்கே என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று எடுத்துச் சொன்னதைத் தொடர்ந்து, 2001 டிசம்பரில் அந்தத் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. ஓரிடத்தில் வாழும் உயிர்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டதாலேயே அந்த இடம் தப்பியது என்பதற்கு இதைவிட அருகில் வேறு சான்று வேண்டாம்.

இனி, எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. இதற்குத் தமிழில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழிகாட்டி நக்கீரன். ‘கண்ணுக்குத் தெரியாமல் களவு போகும் நீர்’ என்ற அவருடைய சிறு நூல், ‘மறைநீர்’ என்ற கருத்தை எளிய தமிழில் விளக்குகிறது. ஒரு பொருளை விளைவிக்கவும் உருவாக்கவும் செலவான நீர் அந்தப் பொருளுக்குள் மறைந்து பயணம் செய்கிறது என்ற இந்தக் கருத்தை உருவாக்கியவர் டோனி ஆலன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர். அதற்காக 2008இல் ஸ்டாக்ஹோம் நீர் விருதைப் பெற்றார். அந்தக் கணக்கை நம் வாழ்க்கையோடு பொருத்திப் பாருங்கள். சிங்கப்பூரில் ஒருவர் வீட்டில் ஒரு நாளைக்குக் குளிக்க, துவைக்க, சமைக்க, குடிக்க எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 140 லிட்டர் குழாய்நீர் பயன்படுத்துகிறார். அதை 130 லிட்டராகக் குறைக்க வேண்டும் என்பது 2030க்கான இலக்கு. கோப்பிக்கடையில் நாம் குடிக்கும் ஒரு சிறு குவளைக் கோப்பிக்குப் பின்னால், கொட்டையை விளைவித்துப் பதப்படுத்தச் செலவான நீர் உலகச் சராசரியில் ஏறத்தாழ 130 லிட்டர். ஒரு பருத்திச் சட்டைக்கு ஏறத்தாழ 2,700 லிட்டர். ஒரு கிலோ அரிசிக்கு ஏறத்தாழ 2,500 லிட்டர். குழாயை இறுக மூடுவது நல்லதுதான், அதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும்; ஆனாலும் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் ஒரு நாட்டில், நாம் செலவழிக்கும் நீரின் பெரும்பகுதி வேறொரு நாட்டு ஆற்றில் இருந்து எடுக்கப்படுகிறது என்பதை இந்த நூலைப் படித்த பிறகு மறக்கவே முடியாது. இந்த நூலைப் படித்த மாதத்தில் எங்கள் வட்டத்தில் இருந்த பலர் புதுத்துணி வாங்குவதைத் தீபாவளி வரை தள்ளிவைத்தார்கள். அறிவுரை எதுவும் தேவைப்படவில்லை, கணக்கு போதுமாக இருந்தது.

நக்கீரனின் ‘காடோடி’ நாவலை இதற்கு அடுத்து எடுக்கலாம். பிள்ளைகளுக்கு வேண்டாம், உங்களுக்காக. போர்னியோவின் மழைக்காட்டில் மரம் வெட்டும் முகாமுக்கு வேலைக்குப் போன ஒரு தமிழன், தான் சம்பளம் வாங்கும் வேலையே அந்தக் காட்டையும் அதன் தொல்குடிகளையும் அழிப்பதைக் கண்முன்னே பார்ப்பதுதான் கதை. சிங்கப்பூர்த் தமிழருக்கு இந்த நாவல் தனியாக முக்கியமானது என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. 2013 ஜூன் 21ஆம் தேதி காற்றுத்தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்ட நாளில், நான் என் வீட்டுச் சன்னல்களின் இடுக்குகளில் ஈரத்துணியைச் செருகிக்கொண்டிருந்தேன். எதிர் புளோக் தெரியவில்லை. மூச்சில் எரிந்த மண்ணின் நெடி இருந்தது. எரிந்தது சுமத்ராவின் கரிநிலமும் (மட்கிய தாவரங்கள் படிந்த நிலம்) காடும். காடு என்பது எங்கோ இருக்கும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்த நமக்கு, அது நம் நுரையீரல் வரை வந்து தன்னைத் தெரிவித்துக்கொண்டது. அடுத்த ஆண்டே எல்லை தாண்டிய புகைமூட்டத்துக்கு எதிரான சட்டம் இங்கே இயற்றப்பட்டது. காடு எதற்காக, யாருக்காக வெட்டப்படுகிறது, எந்தப் பலகையாகவும் எந்த எண்ணெயாகவும் மாறி நம் வீட்டுக்குள் வருகிறது என்பதைச் செய்தித்தாளை விட ஒரு நாவல் ஆழமாகப் பதிய வைக்கும்.

ரேச்சல் கார்சன் 1962இல் எழுதிய நூல் தமிழில் ‘மௌன வசந்தம்’ என்ற பெயரில் கிடைக்கிறது. டிடிடி முதலான பூச்சிக்கொல்லிகள் மண்ணிலும் நீரிலும் பறவைகளின் முட்டைகளிலும் எப்படிச் சேர்கின்றன என்பதை அவர் சான்றுகளோடு அடுக்கிக்காட்டினார். இரசாயன நிறுவனங்கள் அவரைக் கடுமையாகத் தாக்கின. அவர் 1964இல் இறந்தார். 1972இல் அமெரிக்காவில் டிடிடிக்குத் தடை வந்தது. இவையெல்லாம் பலரும் சொல்வதுதான். நீங்கள் அதன் கடைசி அத்தியாயத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பூச்சிகளை நஞ்சால் கொல்வதற்கு மாற்றாக, இனப்பெருக்கத் திறன் நீக்கப்பட்ட ஆண் பூச்சிகளைப் பெருமளவில் விடுவித்து அடுத்த தலைமுறை பிறக்காமல் செய்யும் முறையை அவர் அங்கே விளக்குகிறார். இதைப் படித்துவிட்டு நம் பேட்டைகளுக்கு வாருங்கள். 2016 முதல் தேசியச் சுற்றுப்புற வாரியம், வோல்பாக்கியா என்ற கிருமியைக் கொண்ட ஆண் ஏடிஸ் கொசுக்களைக் குடியிருப்புப் பகுதிகளில் விடுவித்து வருகிறது. அவற்றோடு சேரும் பெண் கொசுவின் முட்டைகள் பொரிப்பதில்லை. ஆண் கொசு கடிப்பதும் இல்லை. கார்சன் விவரித்த முறையும் இதுவும் அறிவியலில் வேறு வேறு என்றாலும், நஞ்சைத் தெளிப்பதற்கு முன் அந்த உயிரின் வாழ்க்கையைப் புரிந்துகொள் என்ற எண்ணம் ஒன்றுதான். மின்தூக்கி வாசலில் ஒட்டப்படும் கொசு விடுவிப்பு அறிவிப்பைப் பார்த்துப் பதறுகிற அண்டைவீட்டாருக்கு நீங்களே இதை விளக்க முடியும்.

வேளாண்மை நூல்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மசனோபு ஃபுகுவோகாவின் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ 1975இல் ஜப்பானிய மொழியில் வந்தது. உழாமல், உரமிடாமல், களையெடுக்காமல், நஞ்சு தெளிக்காமல் நெல் விளைவித்த ஒருவரின் நூல். அதோடு கோ. நம்மாழ்வாரின் ‘உழவுக்கும் உண்டு வரலாறு’ நூலையும் சேர்த்துப் படித்தால், அந்தச் சிந்தனை தஞ்சை மண்ணில் பிறந்த ஒருவரிடம் எப்படி உருமாறியது என்பது தெரியும். பன்னிரண்டாம் தளத்துத் தொட்டியில் இவற்றைச் செய்து பார்க்க முயல வேண்டாம். நாம் சாப்பிடும் அரிசியை விளைவிப்பவர் எந்தக் கட்டாயங்களுக்கு நடுவில் வாழ்கிறார் என்று புரிந்துகொள்ள மட்டும் படியுங்கள். மண்ணைத் தொட வேண்டும் என்ற ஆசை எழுந்தால், தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் இயங்கும் சமூகத் தோட்டம் ஒன்று உங்கள் பேட்டையிலோ பக்கத்துப் பேட்டையிலோ இருக்கும். அங்கே கறிவேப்பிலையும் முருங்கையும் கற்பூரவள்ளியும் வளர்க்கும் மூத்தவர்களிடம் உங்கள் பிள்ளைகள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

நீடித்த நிலைத்தன்மை என்ற சொல்லைப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது என்றும் தாளின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். வருங்காலத் தலைமுறைகளின் தேவைகளுக்கு ஊறு செய்யாமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றிக்கொள்வது என்ற விளக்கம் 1987இல் ஐக்கிய நாட்டு ஆணையத்தின் அறிக்கையில் வந்தது; பாடநூல்கள் அதைத்தான் சொல்கின்றன. எனக்கு அதைவிடத் தெளிவாகப் படுவது தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பாவின் விளக்கம். அவர் 1945இல் வெளியிட்ட பொருளாதார நூலை விடுதலைப் போராட்டக் காலத்தில் சிறையில் இருந்தபடி எழுதினார். உயிர்கள் வாழும் முறையை அவர் ஐந்தாகப் பிரிக்கிறார். தன்னைத் தாங்கும் மரத்தையே உறிஞ்சிக் கொல்லும் ஒட்டுண்ணியின் முறை ஒன்று. பிறர் உழைப்பைப் பறிக்கும் முறை ஒன்று. தானே உழைத்துக் கூடு கட்டும் பறவையின் முறை ஒன்று. கூட்டாக உழைத்துக் கூட்டுக்காகச் சேர்க்கும் தேனீயின் முறை ஒன்று. பயன் எதிர்பாராமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும் தாயின் முறை ஒன்று. ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் இந்த ஐந்தையும் சொல்லி, நாம் இன்று வாங்கிய பொருள் எந்த வகையில் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். பாடநூல் விளக்கத்தைக் காட்டிலும் நீண்ட பேச்சு நடக்கும். மேற்குலகில் பெரிதாகப் பேசப்பட்ட பொருளியலாளர் ஷூமாக்கரின் நூல் 1973இல் வந்தபோது அதில் குமரப்பாவின் கருத்துகளை எடுத்தாண்டிருந்தார் என்பதைத் தமிழர்களாகிய நாமே அதிகம் அறியாமல் இருக்கிறோம். இது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

குப்பையில்லா வீடு, ஒரு மாதத்தில் நூறு மாற்றங்கள் என்ற வகையில் வரும் குறிப்பு நூல்களை நான் கடைசியில் வைப்பேன். அவை தீயவை அல்ல; ஆயினும் முதலில் படித்தால் பொருள் வாங்கச் சொல்லும் நூல்களாகவே மனத்தில் தங்கிவிடுகின்றன. பழைய எவர்சில்வர் தூக்குவாளியும் டிபன் கேரியரும் மேல்தட்டில் தூங்கும்போது, மூங்கில் கரண்டியும் புதுக் கண்ணாடிச் சாடிகளும் வாங்கி அடுக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த வகையில் பெயா ஜான்சன் 2013இல் எழுதிய நூலில் இருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: அவர் சொல்லும் வரிசை. வேண்டாததை மறுப்பது முதலில், குறைப்பது இரண்டாவது, திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது மூன்றாவது, மறுசுழற்சி நான்காவது, எஞ்சியதை மட்கவிடுவது ஐந்தாவது. நம்மில் பெரும்பாலோர் நான்காவதில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறோம். மறுசுழற்சிக்கான நீலத்தொட்டியில் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்ற நிம்மதி வந்துவிடுகிறது. அந்தத் தொட்டிகளில் சேர்வதில் ஏறத்தாழ 40 விழுக்காடு, உணவும் திரவமும் பட்டு அழுக்கானதாலோ முதலிலேயே மறுசுழற்சிக்கு உதவாததாலோ வீணாகிறது. ஆகவே சம்பல் ஒட்டிய டப்பாவைக் கழுவாமல் போடக் கூடாது, கழுவினாலும் மறுசுழற்சியாகாத நுரைப்பெட்டியைப் போடவே கூடாது என்பதை வீட்டில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு வாங்கத் தொடங்கியபோது, ஐந்து காசு பெரிதல்ல என்றாலும் பலர் துணிப்பைக்குத் திரும்பினார்கள். வேண்டாம் என்று சொல்வது அவ்வளவு எளிதான செயல்தான். அதற்கு ஒரு கணம் நின்று யோசிக்க வைக்கும் ஒன்று தேவைப்படுகிறது.

பிள்ளைகள் தாமாகப் படிக்க, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழ் நல்லது. சிங்கப்பூர் அறிவியல் நிலையம் வெளியிட்ட சட்டைப்பை அளவு இயற்கைக் கையேடுகளும் அவர்கள் கையில் இருக்கட்டும். சதுப்புநிலத்தைப் பற்றிய கையேட்டோடு சுங்கை பூலோவுக்கு ஒருமுறை போய் வந்தால் போதும், மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நூல்களை வாங்க வேண்டாம், நூலகத்தில் இரவல் எடுங்கள்; ஒரு நூல் ஐம்பது வீடுகளுக்குப் போய் வருவது மேலே சொன்ன வரிசையில் மூன்றாவதைக் கடைப்பிடிப்பதுதான்.

உங்கள் மாமியாரைப் பற்றிய கேள்வியை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் இந்த வாசிப்பு அவரைச் சுற்றித்தான் நடக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ குறுநாவலை அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். சென்னையில் ஒரு தெருவில் நீர் வற்றிப்போன காலத்தில், ஜமுனா, சாயா என்ற இரு சகோதரிகள் குடத்தோடும் வாளியோடும் அலைவதையும், தண்ணீர் வரும் வராது என்ற ஒன்றே நாளை நடத்துவதையும், ஒரு சொல்கூட மிகையில்லாமல் சொல்லும் கதை. நாளைக்கு அரை மணி நேரம் படித்தாலும் சில நாட்களில் முடித்துவிடலாம். அது முடிந்ததும் சோ. தர்மனின் ‘சூல்’ நாவலில் இருந்து சில பகுதிகளைப் படியுங்கள். 2019இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஒரு கிராமம் தன் கண்மாயைத் தலைமுறை தலைமுறையாக எப்படிப் பேணியது, பிறகு அந்தப் பொறுப்பு கைமாறியபோது என்ன ஆயிற்று என்பதைச் சொல்கிறது. அதன் கரிசல் பேச்சுவழக்கை நம் பிள்ளைகள் முதலில் புரிந்துகொள்ளச் சிரமப்படுவார்கள். உங்கள் மாமியார் அவர்களுக்குச் சொல் சொல்லாக விளக்குவார் என்று நம்புகிறேன்.

அவர் இங்கேயே வளர்ந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் 1963 ஏப்ரலில் தொடங்கி ஏறத்தாழ பத்து மாதம் சிங்கப்பூரில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தபோது அவர் பள்ளிச் சிறுமியாக இருந்திருப்பார். ‘தண்ணீர்’ கதையில் குழாயடி வரும் இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு, அப்போது வீட்டில் எத்தனை வாளி இருந்தது, யார் தூக்கி வந்தார்கள், முதலில் எதற்கு, கடைசியில் எதற்கு அந்த நீர் பயன்பட்டது, அரிசி கழுவிய நீரை என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். உங்கள் மூத்த பிள்ளை அதை அவர் வாழ்ந்த கம்பத்தின் (கிராமத்தின்) பெயரோடும் அவர் சொன்ன சொற்களிலேயும் எழுதட்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தத் தாளைக் கொண்டுவாருங்கள்; மாமியாரால் வர முடிந்தால் அவரையும் அழைத்து வாருங்கள், முன்வரிசையில் சாய்வுள்ள நாற்காலி ஒன்றைப் போட்டு வைக்கிறேன்.